சீமாட்டிக்கு இறங்காத புல்

கடுகு என்றால் அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். பெற்றோர் வைத்த பெயர் பள்ளிச் சான்றிதழோடு பீரோவுக்குள் பத்திரமாக இருக்கிறது. அதை யாரும் வெளியே எடுத்துப் புழங்கியதில்லை. ஆள் குள்ளம். சூடு பட்டால் வெடிப்பாள். வெடித்தால் எந்தப் பக்கம் தெறிக்கும் என்பது கட்டிய கணவருக்கே தெரியாது. இந்தப் பட்டப்பெயரை வைத்தவன் அவளுடைய சொந்தத் தம்பி. அதனால்தான் அக்காவுக்கும் தம்பிக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று தெருவில் சொல்லிக்கொள்வார்கள். அது பொய். பேச்சு நின்றதற்கு வேறு ஆயிரம் காரணங்கள் இருந்தன. உட்கார நேரம் இருந்தால் அவளே ஒவ்வொன்றாகச் சொல்வாள்.

முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கிறது என்பார்களே, அவளுக்கு அது காலையில் பல் துலக்கும்போதே ஆரம்பித்துவிடும். எள்ளுக்கு எங்கே போவாளோ, கொள்ளுக்கு அவளிடம் பஞ்சமே கிடையாது. குதிரை லாயம் நடத்துகிறவள்.

சமையலறையின் பின்கதவைத் திறந்தால் லாயம். நடுவில் சிமெண்டு நடை, இரண்டு பக்கமும் அரைக்கதவு போட்ட அறைகள், கோடியில் காய்ந்த புல் கட்டுகள் அடுக்கிய கொட்டகை. குழந்தைகளுக்குக் குதிரை ஏறக் கற்றுக்கொடுப்பதுதான் தொழில். "முதுகை நிமிர்த்து! மூட்டை மாதிரி உக்காராதே!" என்று அவள் குதிரைமேல் இருக்கும் பிள்ளையைப் பார்த்துக் கத்தினால், வேலிக்கு வெளியே செல்போன் பார்த்துக்கொண்டு நிற்கிற அப்பாக்களும் சேர்ந்து முதுகை நிமிர்த்திக்கொள்வார்கள்.

அவளைக் கெட்டவள் என்று நினைத்துவிட வேண்டாம். குதிரையின் மேல் கை வைக்க மாட்டாள். வைத்த ஒருவனைச் சாணம் அள்ளும் மண்வெட்டியோடு தெருமுனை வரை துரத்தியிருக்கிறாள். அவளுக்குள் பாசம் நிறையவே உண்டு, ஆனால் எல்லாம் கோபமாகத்தான் வெளியே வரும். குழாயின் அமைப்பு அப்படி. வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் விடிய விடியத் துணியை நனைத்து நெற்றியில் போடுவாள், போட்டுக்கொண்டே காய்ச்சல் வந்தவரை வாங்கு வாங்கு என்று வாங்குவாள்.

லாயத்துச் சுவரில் சிவப்புப் பெயின்டில் அவள் கையாலேயே எழுதிய சட்டம் ஒன்று உண்டு. "குதிரை தின்னும்போது பக்கத்தில் நிற்காதே." புல்லைப் போடு, தாழ்ப்பாளைப் போடு, இடத்தைக் காலி பண்ணு. இது வெறும் அதிகாரம் இல்லை. கல்யாணமான புதிதில், தின்றுகொண்டிருந்த ஒரு குதிரைக்குப் பின்னால் வாளியை எடுக்கப் போன கணவரின் முழங்காலில் உதை விழுந்தது. இன்றைக்கும் அவர் படியேறும்போது ஒரு காலை இழுத்து இழுத்துத்தான் வைப்பார். அவர் லாரி ஓட்டுகிறவர். பக்கத்தில் அவள் உட்கார்ந்து போனால், அவர் கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் வலியில் 'ஸ்' என்பது அவளாகத்தான் இருக்கும்.

கணவருக்குக் காது கொஞ்சம் மந்தம். அது வியாதியா வசதியா என்று யாருக்கும் தெரியாது.

மூலை திரும்பியதும் வருகிற கடைசி அறை சீமாட்டியுடையது. சாம்பல் நிறப் பெண்குதிரை. மூடிப்போன ஏதோ ஒரு பயிற்சிப் பள்ளியிலிருந்து மகள்தான் பிடிவாதம் பிடித்துக் கூட்டி வந்தாள். பக்கத்து அறையில் இன்னொரு குதிரையை வைத்தால் தடுப்புப் பலகைக்கு மேலே கழுத்தை நீட்டிக் கடித்து வைக்கும். அதனால் தனி அறை. அங்கிருந்து பார்த்தால் எதிர்ச்சுவர் தெரியும், வேறு எந்த உயிரின் முகமும் தெரியாது. மகளைத் தவிர யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காது. அதனால்தான் அந்தப் பெயர்.

மகள் படிப்பை முடித்துவிட்டு லாயத்திலேயே வேலை பார்த்தாள். வேலையில் அம்மாவுக்கு இளைத்தவள் இல்லை. ஆனால் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் ஆளைப் பிடிக்க முடியாது. தட்டு வைத்துக் கூப்பிட்டால் "பசிக்கலம்மா" என்பாள், "அப்புறம் சாப்பிடறேன்" என்பாள், கையில் கிடைத்த ரொட்டியை எடுத்துக்கொண்டு பின்கதவு வழியாக மறைந்துவிடுவாள். கடுகுக்கு இது ஆறவே ஆறாது. குதிரை வேலை, வீட்டு வேலை எல்லாவற்றுக்கும் நடுவில் நின்று சமைக்கிறவள் அவள். சமைத்ததை உட்கார்ந்து தின்னக்கூடவா ஒரு ஆளுக்கு வலிக்கும்?

ஒருநாள் மதியம் மகள் தாமதமாக வந்து உட்கார்ந்து, இரண்டு வாய் சாப்பிட்டதாகப் பேர் பண்ணிவிட்டு எழுந்தாள்.

"என்ன, வீட்டுச் சாப்பாடு தொண்டையில இறங்கலையா?"

"பசிக்கலம்மா."

"எப்படிப் பசிக்கும்? எங்கயோ கண்டதையும் தின்னுட்டு வந்தா எப்படிப் பசிக்கும்? இங்க இறங்கலைன்னா இறங்குற இடத்துக்குப் போ!"

மறுநாள் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். போனதும் போனாள், எங்கே போனாள் தெரியுமா? மாமா வீட்டுக்கு. பட்டப்பெயர் வைத்த அதே தம்பி வீட்டுக்கு. அவனுக்கும் ஊரின் மறுகோடியில் ஒரு லாயம் உண்டு, மருமகளுக்கு அங்கே அன்றைக்கே வேலையும் கிடைத்துவிட்டது. மகள் போனதில் கடுகுக்குப் பாதிக் கோபம் என்றால், அந்த வீட்டுக்குப் போனதில் மீதி.

அதற்குப் பிறகுதான் சீமாட்டி ஆரம்பித்தது. போட்ட புல்லில் முதலில் பாதியை மிச்சம் வைத்தது. பிறகு முக்கால்வாசி. பிறகு போட்டது போட்டபடி கிடந்தது.

"அதுக்கு ஏக்கமா இருக்கும். அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாரேன்" என்றார் கணவர்.

"ஏக்கமாம் ஏக்கம்! அவ இல்லாம இந்த வீட்டுல ஒரு ஈ கூடப் பறக்காதா? அதெல்லாம் கொழுப்பு. ரெண்டு வேளை காஞ்சா தன்னால திங்கும். உங்க புல்லு மேலதான் எனக்குச் சந்தேகம். எந்தக் குப்பையில அள்ளிட்டு வந்தீங்க?"

அவர் லாரியை எடுத்துக்கொண்டு போய் வேறொரு பண்ணையிலிருந்து புதுப் புல் ஏற்றி வந்தார். கடுகு கட்டைப் பிரித்து உதறினாள், முகர்ந்தாள், நம்பிக்கை வராமல் ஒரு கிள்ளு தன் வாயிலேயே போட்டு மென்றாள். இனிப்பாகத்தான் இருந்தது. சீமாட்டி அதையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. வெல்லம் கரைத்த தண்ணீரைத் தெளித்துப் பார்த்தாள். சீமாட்டி வெல்லத்தை நக்கிவிட்டுப் புல்லை அப்படியே விட்டுவிட்டது. வலையில் கட்டித் தொங்கவிட்டாள், தரையில் பரப்பினாள், தண்ணீரில் நனைத்தாள். ம்ஹூம். கொள்ளு வைத்தால் மட்டும் அவசர அவசரமாக நாலு வாய் அள்ளிக்கொண்டு அறைக்குள் சுற்ற ஆரம்பித்துவிடும். சுற்றிச் சுற்றித் தரையில் போட்டிருந்த மரத்தூளில் வட்டமாகத் தடம் விழுந்துவிட்டது.

ஒவ்வொரு வேளையும் கடுகு அரைக்கதவுக்கு வெளியே நின்று, "மகாராணிக்கு இன்னும் என்ன வேணும்? தங்கத் தட்டுல வைக்கணுமா? தின்னு! தின்னு தொலை!" என்று ஒரு மூச்சு கத்திவிட்டு, தன் சட்டப்படி அங்கிருந்து போய்விடுவாள். திரும்பி வந்து பார்த்தால் புல் அப்படியே இருக்கும். விலா எலும்பு மட்டும் முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும்.

கடைசியில் மாட்டு டாக்டர் வந்தார். பூனையைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள்கூட அவரை மாட்டு டாக்டர் என்றுதான் சொல்வார்கள். வாயைத் திறந்து பல்லைத் தடவிப் பார்த்தார், காய்ச்சல் பார்த்தார், வயிற்றில் குழாயை வைத்து ரொம்ப நேரம் கேட்டார்.

"பல்லு நல்லா இருக்கு. காய்ச்சல் இல்லை. ஆனா வயித்துல சத்தமே காணோம்மா. குதிரை வயிறு எந்நேரமும் கடமுடன்னு ஓடிட்டே இருக்கணும். காஞ்ச புல் உள்ள போனாதான் குடல் நகரும். கொள்ளு மட்டும் போனா முறுக்கிக்கும். முறுக்கிக்கிச்சுன்னா அப்புறம் என்னைக் கூப்பிட்டுப் பிரயோஜனம் இல்லை."

"அப்ப மருந்து குடுங்க."

"புல்லுதாம்மா மருந்து."

"அதைத்தானே திங்க மாட்டேங்குது! புல்லு குடுங்கன்னு சொல்றதுக்கு ஒரு டாக்டரா? அதை நானே எனக்குச் சொல்லிக்க மாட்டேனா?"

டாக்டர் அவளை நன்றாக அறிந்தவர், பெட்டியை மூடினார். போகும்போது, "இன்னைக்காவது தின்னாகணும். முன்னாடி இதுக்கு யாரு புல் போட்டாங்களோ அவங்களைக் கேளுங்க" என்று மட்டும் சொன்னார்.

கடுகு போனைக் கையில் வைத்துக்கொண்டு நடையில் நின்றாள். சீமாட்டி அறைக்குள் சுற்றுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அது செத்துப்போனால்? மகள் வந்து கத்தக்கூட வேண்டாம். 'என் குதிரையை அம்மா சாகவிட்டுட்டா' என்று மனசுக்குள் நினைத்தால் போதும், அதோடு இந்த வாசற்படியை மிதிக்க மாட்டாள். குதிரையும் போய், மகளும் போய்விடுவாள். அந்த நினைப்பில் அவளுக்குப் பயம் வந்தது. பயம் வந்ததில் கோபம் இன்னும் ஏறியது.

மகளுக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தம்பிக்கு அடித்தாள்.

"அலோ, யாரு?"

"குரல் தெரியலையா?"

"அக்காவா? போனைக் காதுல இருந்து தள்ளிப் பிடிக்காமலே பேச முடியுதே, அதான் சந்தேகமா இருந்துச்சு."

"என் வாயைக் கிளறாதே. அவளைக் கூப்பிடு."

"எவளை?"

"என் வயித்துல பொறந்தவளைடா!"

"ஆங், இப்ப நம்பறேன்" என்று சொல்லிவிட்டு அவன் மருமகளைக் கூப்பிட்டான்.

"என்னம்மா?" என்றது மகளின் குரல். அந்த ஒரு வார்த்தையில் கடுகுக்குப் பாசம் பொங்கியது. பாசம் பொங்கினால் அவளுக்குத் திட்டத்தான் வரும்.

"உன் குதிரை புல்லு திங்க மாட்டேங்குது. என்ன செல்லம் குடுத்துக் கெடுத்து வெச்சிருக்கே அதை?"

"எப்போல இருந்து?"

"நீ ஓடிப்போனதுல இருந்து."

"ஐயோ! ஏம்மா முன்னாடியே சொல்லலை?"

"நீ கேட்டியா?"

"நான் ஒண்ணு சொல்றேன். திட்ட மாட்டேன்னு சொல்லு."

"நான் எப்பவாவது திட்டியிருக்கேனா!" என்று கடுகு கேட்ட கேள்வியில் நடையின் இரண்டு பக்கமும் குதிரைகள் தலையை வெளியே நீட்டிப் பார்த்தன.

"அது தனியா தின்னாதும்மா. கொள்ளுன்னா நடந்துக்கிட்டே விழுங்கிடும். புல்லை ஒரே இடத்துல நின்னு நிதானமா மெல்லணும்ல? தனியா நிக்க அதுக்குப் பயம். பக்கத்துல யாராவது உக்காந்து சாப்பிடணும். நாம மெல்லுறதைப் பார்த்தா அதுவும் மெல்லும். நான் தினமும் உள்ள ஒரு வாளியைக் கவுத்துப் போட்டு, அது மேல உக்காந்துதான் சாப்பிடுவேன்."

"உள்ளயா? அறைக்குள்ளயா?" கடுகுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "சுவத்துல அவ்வளவு பெருசா எழுதி வெச்சிருக்கேனே, கண்ணு தெரியலையா உனக்கு? உங்கப்பா காலைப் பார்த்துமா உனக்குப் புத்தி வரலை? ஒரு உதை விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

"அதான் உன்கிட்ட சொல்லலை."

"அந்தச் சாணி நாத்தத்துல உக்காந்தா உனக்குச் சாப்பாடு இறங்குது, என் மேசையில உக்காந்தா இறங்கலையா?"

"இறங்கலைம்மா" என்றாள் மகள். அவள் குரலில் கோபமே இல்லை. "அங்க யாரும் கத்த மாட்டாங்க."

கடுகு பேச்சைத் துண்டித்துப் போனைச் சட்டைப் பையில் திணித்தாள். திணித்த வேகத்தில் பையின் தையல் விட்டது. நேராகச் சமையலறைக்கு நடந்தாள். கணவர் சாப்பிடாமல் கொள்ளாமல் லாரிச் சாவியை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"கேட்டீங்களா உங்க பொண்ணு பேசுற பேச்சை? குதிரை ரூம்ல உக்காந்து சாப்பிட்டிருக்கா, இத்தனை நாளா! என் மேசையில உக்காந்தா இறங்கலையாம். நான் கத்தறேனாம்! நீங்க சொல்லுங்க, நான் கத்தறேனா? வாயைத் திறந்து சொல்லுங்க!"

வழக்கமாக இந்த இடத்தில் அவருக்குக் காது கேட்காது. அன்றைக்கு என்னவோ கேட்டுவிட்டது. சாவியை மேசைமேல் வைத்தார்.

"நானும் பாதி நாள் லாரியிலதான் சாப்பிடறேன்" என்றார்.

"என்னது?"

"லோடு இருக்கு, கட்டிக் குடுத்துடுன்னு சொல்வேன்ல. லோடெல்லாம் இருக்காது. பாலத்துக்குக் கீழ வண்டியை நிறுத்திட்டு சாப்பிடுவேன்." ஏதோ யோசித்துவிட்டு, "நல்லாத்தான் சமைக்கிறே" என்று சேர்த்துக்கொண்டார்.

கடுகுக்கு வாயில் வார்த்தை வரவில்லை. கல்யாணமான நாள் முதல் அப்படி நடந்ததே இல்லை. கையில் கிடைத்த கரண்டியை இறுகப் பிடித்தபடி நின்றாள். இந்த அடுப்புக்கு முன்னால் வெந்து வெந்து சமைத்ததையெல்லாம், ஒருத்தி குதிரைக்குப் பக்கத்திலும் ஒருத்தர் பாலத்துக்கு அடியிலும் கொண்டுபோய்த் தின்றிருக்கிறார்கள். சமையலுக்குப் பயந்து இல்லை, சமைத்தவளுக்குப் பயந்து. நெஞ்சு எரிந்தது. அது அழுகையா, அவமானமா, கோபமா என்று பிரித்துப் பார்த்து அவளுக்குப் பழக்கமில்லை. தெரிந்தது ஒன்றுதான், அதனால் கோபம் என்றே எடுத்துக்கொண்டாள். தட்டை எடுத்து டமாலென்று வைத்தாள். இரண்டு ரொட்டியையும் அவித்த முட்டையையும் அதில் போட்டாள். பின்கதவை உதைத்துத் திறந்துகொண்டு லாயத்துக்குள் போனாள்.

"பார்த்து. பின்பக்கம் போகாதே" என்று கணவரின் குரல் பின்னாலேயே வந்தது.

சிவப்பு எழுத்துக்களைத் தாண்டி, மூலை திரும்பி, தாழ்ப்பாளை நீக்கி உள்ளே போய், கதவோரமாக வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். சீமாட்டி மூச்சைச் சீறி எதிர்ச்சுவரோடு ஒட்டிக்கொண்டது. பிறகு சுற்ற ஆரம்பித்தது.

"உக்காந்துட்டேன்ல? இப்ப தின்னு" என்றாள் கடுகு.

சீமாட்டி காதைப் பின்னால் மடக்கிக்கொண்டது.

"தின்னு சனியனே! உனக்காக நான் போட்ட சட்டத்தை நானே மிதிச்சுட்டு வந்திருக்கேன், நீ என்னடான்னா..."

குதிரையின் நடை ஓட்டமாக மாறியது. கடுகின் முழங்காலை உரசிக்கொண்டு போனது. அவள் வாயை மூடிக்கொண்டாள். மூடின வாய்க்குள் பாதித் திட்டு அப்படியே நின்றுவிட்டது. வேறு வழியில்லாமல் அதன்மேல் ஒரு துண்டு ரொட்டியைப் போட்டு மென்றாள்.

மற்றவர்களுக்குப் பேசாமல் சாப்பிடுவது பெரிய காரியமாகத் தெரியாது. அவளுக்கு அது மலையைப் புரட்டுகிற வேலையாக இருந்தது. தம்பியை நினைத்தால் ஒரு வார்த்தை நாக்கின் நுனிக்கு வந்தது, ரொட்டியோடு விழுங்கினாள். கணவரை நினைத்தால் நாலு வார்த்தை வந்தது, முட்டையோடு விழுங்கினாள். முட்டையில் உப்பு கரித்தது. இத்தனை வருஷமாக இவ்வளவு உப்பையா போடுகிறோம்? ஒருத்தராவது சொல்லக் கூடாதா என்று ஆத்திரம் வந்தது. யார் சொல்லியிருப்பார்கள் என்று யோசித்ததும் அந்த ஆத்திரத்தையும் சேர்த்து விழுங்க வேண்டியதாயிற்று.

சீமாட்டியின் சுற்று மெதுவானது. அவளைக் கடக்கும்போது ஒருமுறை நின்று தட்டை முகர்ந்தது. இன்னொரு சுற்று போனது. அப்புறம் புல்லுக்குப் பக்கத்தில் நின்றது. அவள் மென்றுகொண்டே இருந்தாள், வாயில் ஒன்றும் இல்லாதபோதும் மென்றாள். சீமாட்டி கழுத்தைத் தாழ்த்தி ஒரு புல்தாளை மட்டும் உதட்டால் இழுத்தது. மெதுவாக அரைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு வாய் நிறைய இழுத்தது.

அடி என் கண்ணே என்று கடுகு கத்தியே இருப்பாள். குதிரையின் காது லேசாகத் திரும்பியதைப் பார்த்ததும், மிச்சமிருந்த ரொட்டி முழுவதையும் வாய்க்குள் திணித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்கக் கையைத் தூக்கவும் பயமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துப் பைக்குள் போன் அலறியது. அவசரமாக எடுத்தாள்.

"அம்மா! ஏம்மா வெச்சுட்டே?" மகளின் கத்தல் அறை முழுக்கக் கேட்டது. "கோவமா இருந்தா என்னைத் திட்டும்மா, அதைப் பட்டினி போடாதே! மாமாகிட்ட சொல்லிட்டேன், நான் இப்பவே கிளம்பி வரேன். அதுக்கு ஒண்ணும் ஆகலையே? அம்மா! கேக்குதா? பேசும்மா!"

சீமாட்டி தலையைத் தூக்கியது. வாயின் ஓரத்தில் புல் தொங்க, மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கடுகையே பார்த்தது.

கடுகு போனைக் கையால் பொத்தி, அந்த வீட்டில் யாரும் கேட்டிராத குரலில், "கத்தாதேடி" என்றாள். "சாப்பிட்டுட்டிருக்கோம்."